இரண்டை அழுத்திய பிறகு: ஒரு கொடுப்பனவு அலுவலகத்தின் தொலைபேசிச் சேவை

வேலையை இழந்தவருக்குச் சேர வேண்டிய ஒரு கொடுப்பனவைப் பற்றி விசாரிப்பதற்காக, கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு என் தம்பியும் நானும் மொத்தம் 23 அழைப்புகள் எடுத்தோம். ஒவ்வோர் அழைப்பையும் திகதி, நேரம், காத்திருந்த நிமிடங்கள், மறுமுனையில் கிடைத்த பதில் என்று ஒரு சி.ஆர். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறோம். அந்தக் கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. இது ஒரு குடும்பத்தின் அனுபவம் மட்டுமே என்பது ஒரு காரணம். பெயரைச் சொன்னால் வாசிப்பவரின் கவனம் அந்தப் பெயரிலேயே நின்றுவிடும், குறை எங்கே இருக்கிறது என்பது கண்ணில் படாமற் போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

ஒட்டுசுட்டானுக்கு அருகே நிழற்பிரதி எடுத்தும், ரீலோட் போட்டும், படிவம் நிரப்பியும் கொடுக்கிற சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். ஊரில் 'கொமினிகேசன்' என்று சொல்வார்கள். ஆகவே அலுவலகங்களுக்குத் தொலைபேசி எடுப்பது எனக்குப் புதிய வேலை அல்ல. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு என்று மற்றவர்களுக்காகப் பல வருடங்களாக எடுத்து வருகிறேன். ஆனால் ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஆட்குறைப்பு நடந்து, ஆறு வருட வேலையை இழந்து, ஒரு பயணப்பையோடு வீட்டுக்கு வந்த தம்பிக்காக எடுத்தபோதுதான், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்தின் பாரமும் எனக்குத் தெரிந்தது.

வேலையில்லாதவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வழங்கும் காப்புறுதித் திட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. வெளிநாடுகளில் இருக்கும் உறவினர்கள், "வேலை போனால் அரசாங்கம் தருமே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு வாசல் கிடையாது. இருப்பவை வேறு வேறு வாசல்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் செல்கின்றன. அந்தப் பணத்தைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் பெறலாம். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் 3 வீதம் செலுத்துகிறார். வேலையை விட்டு நீங்கியவர் அதைப் பெறலாம், ஆனால் ஒருமுறை பெற்றால் அடுத்த முறைக்கு 5 ஆண்டுகள் பொறுக்க வேண்டும். 15 பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கும் நிறுவனத்தில் 5 ஆண்டுகள் பணிபுரிந்தவருக்கு, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. இவை தவிர, குடும்ப வருமானம் முற்றாக விழுந்துவிட்டால், 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி அலுவலகம், தனித்தனித் தொலைபேசி இலக்கம். எங்கள் விண்ணப்பம் இவற்றில் ஒன்றில்தான் தடைப்பட்டிருந்தது.

தடைப்பட்டிருக்கிறது என்ற செய்தி தம்பியின் கைத்தொலைபேசிக்கு ஒரு வரிக் குறுஞ்செய்தியாக, ஆங்கிலத்தில் வந்தது. ஏன் தடைப்பட்டது, எந்த ஆவணம் போதாது, யாரிடம் கேட்க வேண்டும் என்பது எதுவும் அதில் இல்லை. இலக்கம் மட்டும் இருந்தது.

நேரில் போகலாமே என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஏ34 வீதிக்கு வந்து, மாங்குளம் சந்திக்குப் போய், அங்கிருந்து ஏ9 வீதியில் இரவு பஸ் பிடித்தால் விடியும் நேரத்தில் கொழும்பில் இறங்கலாம். அலுவலகம் திறக்கும் வரை எங்கேயாவது உட்கார்ந்திருக்க வேண்டும். உரிய உத்தியோகத்தர் அன்று லீவில் இருந்தால், அடுத்த நாள் வரை தங்க இடம் வேண்டும். எங்கள் சித்தப்பா ஒருவர் வேறொரு அலுவலுக்காக இப்படிப் போய், "விடய உத்தியோகத்தர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள்" என்ற ஒரு வசனத்தோடு திரும்பி வந்தவர். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் இழந்த இரண்டு நாட் கூலியும் சேர்ந்தால், வேலையற்ற ஒருவருக்கு அது சிறிய தொகை அல்ல. நகரத்தில் வாழ்பவருக்குத் தொலைபேசிச் சேவை ஒரு வசதியாக இருக்கலாம். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் வவுனியாவின் உட்கிராமங்களிலும் இருப்பவருக்கு அதுதான் அந்த அலுவலகத்தின் வாசற்படி. அதனால்தான் அதை ஒரு கடையையோ உணவகத்தையோ மதிப்பிடுவது போல உட்கார்ந்து மதிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இனி அழைப்புகள். முதல் 11 வேலை நாட்களில் 19 அழைப்புகள் எடுத்தோம். அவற்றில் 9 முறை இலக்கம் 'பிஸி'. 6 முறை காத்திருப்பில் இருக்கும்போதே இணைப்பு அறுந்தது. 3 முறை சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் பேசினார். ஒரேயொரு முறைதான் எங்கள் விடயத்தைத் தமிழில் முழுமையாகப் பேச முடிந்தது. அறுந்த அழைப்புகளில் இரண்டு எங்கள் பக்கத்தில் நேர்ந்தவை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: ஒருமுறை ரீலோட் முடிந்தது, இன்னொருமுறை சார்ஜ் இறங்கியது. ஆனால் ரீலோட் முடியும் அளவுக்கு ஒரு மனிதரைக் காக்க வைக்கும் வரிசை, அந்தப் பொறுப்பில் பாதியையாவது ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம். மிக நீண்ட காத்திருப்பு 42 நிமிடம். அது ஒரு புதன்கிழமை. அந்த அலுவலகத்தில் புதன்கிழமை பொதுமக்கள் தினம் என்பதையும், நேரில் வந்தவர்களின் வரிசை மேசைக்கு முன்னால் நிற்கும்போது மணியடிக்கும் தொலைபேசி இரண்டாம் இடத்துக்குத்தான் போகும் என்பதையும் அன்று மறந்துவிட்டு எடுத்திருந்தோம்.

அழைப்பு இணைந்ததும் மும்மொழியில் வரவேற்பு ஒலிக்கிறது. சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3. தமிழ்க் குரல் பதிவு மிகத் தெளிவானது. உச்சரிப்பில் பிழையில்லை, வேகமும் அளவாக இருக்கிறது. இதைப் பாராட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் 'ழ'வும் 'ள'வும் கலந்து, மொழிபெயர்த்தவருக்கே விளங்காத தமிழில் பேசும் பதிவுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டை அழுத்தியதும் நான்கு தெரிவுகள் வருகின்றன. விண்ணப்பத்தின் நிலையை அறிய மூன்று. மூன்றை அழுத்துகிறோம். அந்த இடத்தில்தான் தமிழ் முடிகிறது. அதன் பிறகு வரும் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற பொருளிலான அறிவிப்பு சிங்களத்தில் மட்டுமே வருகிறது. இடையிடையே ஒரே இசைத்துண்டு ஓடுகிறது. வரிசையில் எத்தனையாவது ஆளாக இருக்கிறோம் என்று எந்த மொழியிலும் சொல்லப்படுவதில்லை. நாலாவது நாள் அந்த இசையைத் தம்பி தன்னை அறியாமலே முணுமுணுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தான். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

சிங்களத்தில் பேசிய உத்தியோகத்தர்கள் ஒருவர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. ஒருவர் தமக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு உதவப் பார்த்தார். "தமிழ் மிஸ் இல்ல, நாளைக்கு எடுங்க" என்று சொல்லித்தான் வைத்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. இரண்டை அழுத்தியவரை ஒன்றின் வரிசைக்குத் தள்ளிவிடும் ஒழுங்கின் மேல்தான் கோபம். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் 16 ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளைச் செய்தது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் அலுவலகத்தோடு தொடர்புகொள்ளும் உரித்தை எழுத்தில் தந்திருக்கிறது. தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் மட்டும் இருந்து, அவரும் லீவில் போனால், அந்த உரித்தும் அன்று லீவில் போய்விடுகிறது.

இந்த இடத்தில் எங்கள் அயலில் இருக்கும் அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய மகன் இறந்த பிறகு, மகனின் பெயரில் இருக்கும் பணத்துக்காக அவரும் இதே இலக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒருநாளும் தமிழ் வரேல்லை, பிள்ளை" என்று சொன்னார். நம்பமுடியாமல், என் கடையில் வைத்து எடுத்துக் காட்டச் சொன்னேன். பேத்தி கொடுத்த தொடுதிரைத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இரண்டை அழுத்தவும்" என்ற குரல் வந்ததும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். காதில் இருக்கும்போது அணைந்துவிடும் திரை மீண்டும் ஒளிர ஓரிரு நொடி எடுத்தது. ஒளிர்ந்த திரையில் இலக்கங்கள் இல்லை. இலக்கப் பலகையைத் திறப்பதற்கென்று தனியாக ஒரு சிறிய குறி இருக்கிறது, அதை அவர் அறியார். அவர் விரல் திரைக்கு மேலே தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, எந்த இலக்கமும் அழுத்தப்படாததால் அழைப்பு தானாகச் சிங்கள வரிசைக்குப் போனது. எத்தனை மாதங்களாக அவர் இப்படியே போயிருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். ஸ்பீக்கரில் போட்டு, இலக்கப் பலகையை முதலிலேயே திறந்து வைத்து, மேசையில் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். பழைய பட்டன் போன் இருந்தால் அதுவே இந்த வேலைக்கு மிக நல்லது. இதை வாசிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஒன்றை மட்டுமாவது செய்து காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பத்தொன்பதாவது அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8.40க்கு எடுத்தது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிலையாக நிற்பதில்லை; குளக்கட்டில் இருக்கும் பாலை மரத்தடிதான் நம்பிக்கையான இடம். தம்பி பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு, மடியில் கோவையை வைத்துக்கொண்டு, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். 14 நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு பெண் குரல் தமிழில் வணக்கம் சொன்னது. அந்த உத்தியோகத்தர் தம்பியின் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார், கணினியில் தேடினார், பிறகு அவனுடைய பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார். தம்பி வாசித்தான். நடுவில் அவர் நிறுத்தினார்.

"தம்பி, அந்த 'த' எழுத்துக்கு டி மட்டுமா, இல்ல டி எச்சா?"

"டி எச், மிஸ்."

"கம்பெனியில இருந்து வந்ததில டி மட்டும்தான் இருக்கு. பேங்க் புத்தகத்தில என்ன இருக்கு பாருங்க."

தம்பி கோவையைப் புரட்டி வங்கிப் புத்தகத்தை எடுத்தான். அதில் எச் இருந்தது. ஆனால் தகப்பன் பெயரின் முதலெழுத்து விடுபட்டிருந்தது. ஒரே மனிதன், மூன்று ஆவணங்களில் மூன்று பேராக நின்றான். தமிழில் ஒரே 'த'தான். அதை ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வோர் எழுதுவினைஞரும் தமக்குத் தோன்றியபடி எழுதியிருக்கிறார்கள். ஒரு விண்ணப்பத்தை இரண்டு மாதங்கள் நிறுத்தி வைத்தது அந்த ஓர் எழுத்துதான்.

அந்த உத்தியோகத்தர் அத்தோடு நிறுத்தவில்லை. மூன்று விதமாக எழுதப்பட்ட பெயர்களையும் குறிப்பிட்டு, மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும், இரண்டையும் அடையாள அட்டைப் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், கடித உறையின் இடப்பக்க மேல்மூலையில் கோவை இலக்கத்தை எழுத வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கோவை இலக்கத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டி, தம்பியைத் திருப்பிச் சொல்ல வைத்தார். முழு உரையாடலும் 7 நிமிடம். இரண்டு மாத இருளை 7 நிமிடத்தில் விலக்கிய அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். கேட்டிருந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அவருடைய மேலதிகாரிக்கு ஒரு நன்றிக் கடிதம் போட்டிருப்பேன்.

அதன் பின்னர் எடுத்த 4 அழைப்புகளில் ஒன்று அறுந்தது, ஒன்று சிங்கள வரிசைக்குப் போனது, இரண்டு தமிழில் கிடைத்தன. ஆவணங்கள் கிடைத்துவிட்டன என்பதை ஒன்றிலும், கொடுப்பனவு அங்கீகரிக்கப்பட்டது என்பதை மற்றதிலும் அறிந்தோம். பணம் தம்பியின் கணக்கில் விழுந்துவிட்டது. இந்த 23 அழைப்புகளுக்கும் ரீலோட்டுக்கு மட்டும் 700 ரூபாய் போனது.

இதே போன்ற எந்த அலுவலகத்தையும் அழைக்கப் போகிறவர்களுக்கு எங்கள் கொப்பியிலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். காலை 8.30க்கும் 9க்கும் இடைப்பட்ட நேரம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. மதியத்துக்குப் பிறகு எடுத்த எந்த அழைப்பும் பயன் தரவில்லை. அந்த அலுவலகத்தின் பொதுமக்கள் தினத்தையும், போயா விடுமுறைக்கு அடுத்த நாளையும் தவிர்க்கலாம். பேசுபவர் எவராக இருந்தாலும் கோவை இலக்கத்தை வாங்காமல் வைக்கக்கூடாது, ஏனென்றால் அடுத்த முறை அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அழைப்பு எடுப்பதற்கு முன்பே அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், தொழிற்சாலைக் கடிதம் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ விண்ணப்பங்கள் திரும்பி வருவதை என் கடையில் கண்டிருக்கிறேன். எத்தனை முறை எடுத்தும் பதில் இல்லையென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட முறையிலேயே சந்தேகம் இருப்பவர்கள், கொடுப்பனவுக்கு ஓடுவதற்கு முன்னர் அருகிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 15 பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கும் இடத்தில் ஆட்குறைப்புச் செய்வதற்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தம்பி எதையோ கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். ஆங்கிலத்தில் இருந்தது, வாசிக்கவில்லை என்றான்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், சேவையின் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க என்னால் முடியாது. பதில் சொல்லும் மனிதர்களுக்கு ஐந்து கொடுப்பேன், தமிழ் தெரியாமலே உதவ முயன்றவரையும் சேர்த்து. அவர்களிடம் போய்ச் சேரும் வழிக்கு ஒன்று. தமிழ் வரிசைக்கு இன்னோர் உத்தியோகத்தர், வரிசையில் எத்தனையாவது இடம் என்று சொல்லும் ஓர் அறிவிப்பு, இலக்கம் அழுத்தப்படாவிட்டால் சிங்கள வரிசைக்குத் தள்ளாமல் மொழித் தெரிவை மறுபடியும் ஒலிக்க விடும் ஒரு மாற்றம், "உங்கள் பெயரின் எழுத்துகள் பொருந்தவில்லை" என்று தமிழில் ஒரு வரிக் குறுஞ்செய்தி: இவை நான்கும் பெரிய செலவு கேட்பவை அல்ல. கடைசியில் சொன்ன அந்தக் குறுஞ்செய்தி மட்டும் முதல் நாளே வந்திருந்தால், முதல் 19 அழைப்புகளும் தேவைப்பட்டிருக்காது. அந்த வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒருவருக்கு அந்த இடம் கிடைத்திருக்கும்.

சி.ஆர். கொப்பியில் இன்னும் பாதிக்கு மேல் வெற்றுத் தாள்கள் இருக்கின்றன. அயல் வீட்டு அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தையும் மகனின் வேலை அங்கத்துவ இலக்கத்தையும் புதிய பக்கத்தின் மேலே எழுதி வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலை 8.30க்குக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தன்னுடைய பட்டன் போனையும் கொண்டு வருவதாகச் சொன்னார்.